கிராமத்து வீட்டுக்கு மின்சாரக் கார் வாங்கும்போது 7.2 கிலோவாட் சார்ஜர் ஆப்ஷன் தேவையா?

உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். திருவாரூர் பக்கம் கிராமத்தில் வீடு, சின்ன மின்சாரக் கார் புக் செய்யப் போகிறீர்கள். ஷோரூமில் 3.3 கிலோவாட் சார்ஜரா, சுவரில் மாட்டுகிற 7.2 கிலோவாட் வால்பாக்ஸா என்று கேட்கிறார்கள், 50 ஆயிரம் வித்தியாசம். எது வாங்கலாம்?

படித்து முடித்ததும் எங்கள் போர்டிகோ சுவரைத் திரும்பிப் பார்த்தேன். அங்கேதான் என்னுடைய 50 ஆயிரம் தொங்குகிறது. கேபிள் சுற்றி வைக்கிற கொக்கியில் என் மனைவி மஞ்சப்பையையும் குடையையும் மாட்டி வைத்திருக்கிறாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எலக்ட்ரீஷியன் இல்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுப்பவன். கீழே கமெண்டில் "பெங்களூரில் என் அப்பார்ட்மெண்டில் மூன்று வருஷமா 7.2 ஜம்முனு ஓடுது" என்று எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதலாம். பெங்களூரில் ஓடும். நான் சொல்வது திருவாரூர் மாவட்டத்துக் கோட்டூருக்குத் தெற்கே, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பார்த்தால் கடைசிக் கம்பத்தில் இருக்கிற ஒரு வீட்டைப் பற்றி. தண்ணீருக்கும் நாங்கள் கடைமடை, கரண்டுக்கும் கடைமடை.

கார் வாங்கும்போது எனக்கு 3.3 போதும் என்றுதான் பட்டது. கணக்கு எளிது. என் கார் 24 கிலோவாட்-ஹவர், அதாவது 24 யூனிட் பேட்டரி. தினம் நீடாமங்கலம் போய் வர 70 கிலோமீட்டர். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 9 யூனிட்டுக்குள். 3.3-இல் போட்டால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கூட வந்த மச்சினர் சும்மா இருந்தாரா? "மாமா, பதினோரு லட்சம் குடுக்குறீங்க, அம்பதாயிரத்துல போய் கை நடுங்குதே" என்றார், விற்பனைப் பையன் முன்னாலேயே. அந்தப் பையனும், "சார், 7.2 எடுத்தா மூணரை மணி நேரத்துல ஃபுல், இதுல எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும்" என்றான். சொன்னது பொய் இல்லை. ராத்திரி பூரா தூங்குகிறவனுக்கு மூன்றரை மணி எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டேன். மச்சினர் பேச்சைக் கேட்டு நான் செய்த மூன்றாவது செலவு அது. மற்ற இரண்டைப் பற்றி இங்கே வேண்டாம்.

வீட்டைப் பார்க்க ஷோரூம் அனுப்பிய ஆள் ஐந்து நிமிஷம் இருந்தார். போட்டோ எடுத்தார். மீட்டர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "எல்லாம் ஓகே சார், த்ரீ பேஸ் மட்டும் வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். எங்கள் வீடு சிங்கிள் பேஸ், அதாவது கரண்ட் வருவது ஒரே லைனில். த்ரீ பேஸ் என்றால் மூன்று லைன். விண்ணப்பம், டெபாசிட், கம்பத்திலிருந்து புதுக் கேபிள், புது மீட்டர் என்று அது ஒரு பக்கம் நடக்க, பாக்ஸ் அட்டைப்பெட்டியில் கிடந்தது. காருடன் கொடுத்த சாதாரண சார்ஜரை 15 ஆம்பியர் பவர் பிளக்கில் சொருகித்தான் மூன்று மாதம் ஓட்டினேன். ஒரு நாள்கூடச் சார்ஜ் பற்றாமல் நின்றதில்லை. அங்கேயே எனக்குப் பாதி பதில் கிடைத்திருக்க வேண்டும்.

மீதிப் பதில் மே மாதம் கிடைத்தது. எங்கள் பக்கம் களிமண். கோடையில் வயல் வெடித்தால் கால் உள்ளே இறங்கும். ஒரு ராத்திரி சார்ஜரில் சிவப்பு விளக்கு. கழற்றி மாட்டினேன், சிவப்பு. பிளக்கை மாற்றினேன், சிவப்பு. மறுநாள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன். நான்கு நாள் கழித்து ஷோரூமிலிருந்து வந்தவர் சார்ஜரில்தான் கோளாறு, புதிது வாங்க வேண்டும் என்றார். எங்கள் ஊர் வயர்மேன், பத்தாவது தாண்டாதவர், ஹோல்டரில் ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டிக்கொண்டு வந்தார். கரண்ட் வருகிற பேஸுக்கும் அது திரும்பிப் போகிற நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்துக்கும் வைத்தார். மங்கலாக, அமாவாசை அகல் மாதிரி.

"எர்த்து செத்துப் போச்சு சார். குழியில ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினேன். இருபது நிமிஷத்தில் பச்சை விளக்கு.

விஷயம் இதுதான். மிக்சி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எதுவும் எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடுவதில்லை. கார் சார்ஜர் பார்க்கும். எர்த் சரியில்லை என்றால் ஏற்ற மாட்டேன் என்று நின்றுவிடும். அது நல்லதுக்குத்தான், ஏனென்றால் கசிவு ஏற்பட்டால் கார் உடம்பு முழுக்க இரும்பு. நம் பக்கத்து வீடுகளில் எர்த் குழி என்பது வீடு கட்டும்போது போட்டது, அதோடு மறந்தது. சிலர் சுலப வழி சொல்வார்கள், நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே சேர்த்துக் கட்டிச் சார்ஜரை ஏமாற்றச் சொல்வார்கள். என்னிடமும் ஒருவர் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் அன்றைக்குக் காரைத் தொடுகிற ஆள் காலி.

பிறகு முறையாகப் புதுக் குழி எடுத்தோம். பத்தடி ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), சுற்றிலும் அடுப்புக்கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. உப்பு வேதாரண்யத்து உப்பு. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து போய் அள்ளிய உப்பைக் கார் சார்ஜருக்குப் புதைக்கிறோமே என்று எனக்கு ஒரே சிரிப்பு. வயர்மேன் சிரிக்கவில்லை, "கல்லுப்பு தானே சார்?" என்று மட்டும் கேட்டார். கூலியோடு நாலாயிரம் ஆனது. பழைய 2.5 வயரைத் தூக்கிவிட்டு மீட்டரிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், லோடு கூடினால் அணைக்கிற தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணைக்கிற ஆர்சிசிபி போட இன்னொரு ஆறாயிரம். பிளக்கை நெஞ்சு உயரத்தில் வைத்தோம், ஐப்பசி மழையில் போர்டிகோவில் தண்ணீர் ஏறும். என் காருக்காக நான் செய்த உருப்படியான செலவு அந்தப் பத்தாயிரம்தான்.

இந்தக் குடம் தண்ணீரால் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. "வாத்தியார் காருக்குத் தண்ணி ஊத்திச் சார்ஜ் ஏத்துறார்" என்று பிள்ளைகள் சிரித்தார்கள், அது பரவாயில்லை. ஆனால் டீக்கடையில் ஒரு பெரிய மனிதர், "எல்லாம் பம்புசெட்டு இலவசக் கரண்டுப்பா" என்றாராம். எனக்கு வயலில் போர்வெல்லும் கிடையாது, பம்புசெட்டும் கிடையாது. இருக்கிற ஒன்றே கால் ஏக்கரும் வாய்க்கால் பாசனம். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள், பூ தூவினார்கள் என்று டிவியில் காட்டுவார்கள். தலைமடைக்காரர்கள் நாற்று பிடுங்கி நட்டு முடிப்பார்கள். எங்கள் மதகில் தண்ணீர் எட்டிப் பார்க்கிறபோது நாற்றுக்கு வயதாகிவிட்டிருக்கும். நடுவில் வாய்க்காலை வரப்பாக்கியவர் யார் தெரியுமா? டீக்கடையில் இலவசக் கரண்ட் கணக்குப் பேசுகிற அதே மனிதர்தான். சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது. ஆனால் மின்சாரக் கார் வாங்கினால் இந்தப் பேச்சும் கூடவே வரும். வீட்டு மீட்டர் ரசீதை எடுத்து வையுங்கள்.

ரசீது என்றதும் ஞாபகம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் எல்லாருக்கும் தெரியும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும் என்பது கார் வந்த பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. எனக்குக் கார் மட்டுமே இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் இழுக்கிறது. அப்படியும் பெட்ரோலுக்குக் கொடுத்ததில் கால்வாசிதான். ஆனால் முதல் பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை வரும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி அந்த 7.2 கதை. த்ரீ பேஸ் வந்தது, பாக்ஸைச் சுவரில் ஏற்றினார்கள். மச்சினரும் வந்திருந்தார். சாயந்தரம் ஏழு மணி. சார்ஜிங் கேபிளின் துப்பாக்கி முனையைக் காரில் மாட்டினேன், பச்சை விளக்கு ஓடியது. அரை நிமிஷம் கழித்துத் தெருவில் சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று விசிறியோடு கத்துகிறார்: "ஏம்ப்பா தம்பி, ஒங் காரு பால் குடிக்கிறதுக்கு எங்க வீட்டு ஃபேன நிறுத்திப்புட்டியே!" எதிர்வீட்டில் டிவி அணைந்து அணைந்து வந்தது, அது சீரியல் நேரம் வேறு. அடுத்த நிமிஷம் பாக்ஸே தானாக அணைந்துவிட்டது. வோல்டேஜ் 165.

லைன்மேன் வந்து விளக்கினார், நல்ல மனிதர். த்ரீ பேஸ் இணைப்பு இருந்தாலும் என் மாதிரிக் காருக்குள் இருக்கிற 7.2 சார்ஜர் ஒரே ஒரு பேஸிலிருந்துதான் 32 ஆம்பியரை இழுக்கும். மூன்றிலும் பிரித்து எடுக்காது. மகிந்திரா 2025-இல் விட்ட பெரிய மின்சாரக் கார்களுக்கு 11.2 கிலோவாட் சார்ஜர் 75 ஆயிரத்துக்குத் தனியாகக் கொடுத்தார்கள், அந்த வகைதான் மூன்று பேஸிலும் எடுக்கும். கடைசிக் கம்பத்தில், ஊரே ஃபேனும் மோட்டாரும் போடுகிற நேரத்தில், ஒரே பேஸில் 32 ஆம்பியர் என்பது வாய்க்காலை நடுவில் வெட்டி விடுகிற மாதிரி. லைன்மேன் சொன்னது: "சார், பதினோரு மணிக்கு மேல போடுங்க, 220 நிக்கும்."

பதினொன்றுக்குப் போட்டேன், ஏறியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை ஏழு மணி நேரம். 3.3-இலேயே 23 யூனிட் வரும். காலியான பேட்டரியே ஏறக்குறைய நிரம்பிவிடும். எனக்கு வேண்டியது 9. பிறகு எதற்கு 7.2? அன்றிலிருந்து அது மஞ்சப்பை மாட்டுகிற கொக்கி.

நியாயத்துக்காக மறுபக்கமும் சொல்கிறேன், இல்லாவிட்டால் விவரம் தெரியாதவன் என்பீர்கள். சுவரில் தொங்குவது உண்மையில் சார்ஜரே இல்லை, பாதுகாப்பான பெரிய சுவிட்ச் மாதிரி. ஏசி கரண்டை டிசியாக மாற்றுகிற நிஜ சார்ஜர் காருக்குள் இருக்கிறது. 3.3 உள்ள காரை வாங்கிவிட்டுப் பிறகு சுவரில் எவ்வளவு பெரிய பாக்ஸ் மாட்டினாலும் 3.3-தான் ஏறும். அதனால் பின்னால் டவுனுக்குக் குடி போவீர்கள், அல்லது ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் டாக்ஸி ஓட்டுவீர்கள், மத்தியானம் இரண்டு மணி நேரத்தில் பாதி ஏற்றியாக வேண்டும் என்றால் இப்போதே 7.2 எடுத்துவிடுங்கள். 45 கிலோவாட்-ஹவர் மாதிரிப் பெரிய பேட்டரி என்றாலும் யோசிக்கலாம். உங்களுக்கு அப்படித் தெரியவில்லை. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போவீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஃபாஸ்ட் சார்ஜர் முனையை மாட்டுகிற சிசிஎஸ்2 வாய் காரில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது பங்க்கிலும் ஓட்டலிலும் இருக்கிற பெரிய மெஷினுக்கு, வீட்டு சார்ஜருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் திருச்சி போகும்போது எப்போதாவது போடுவேன், 80 சதவீதத்துக்கு மேல் ஆமை வேகம், அதோடு கழற்றிவிடுவது நல்லது. சென்னைக்கு நான் மன்னை எக்ஸ்பிரஸ் ரயில்தான்.

நீங்கள் கேட்காத ஒரு ஆப்ஷனுக்கு மட்டும் நான் கையில் இருக்கிற காசைக் கொடுப்பேன். சில கார்களில் வி2எல் என்று ஒன்று வருகிறது, டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் 2023-இல் கொடுத்தார்கள். கார் பேட்டரியிலிருந்து வீட்டுச் சாமானுக்குக் கரண்ட் எடுக்கலாம். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து வீடு வீடாக மோட்டாரை ஓட்டித் தண்ணீர்த் தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். ஒரு தொட்டிக்கு இவ்வளவு என்று காசு. என் அம்மா அந்தத் தண்ணீரைச் செம்புக் கணக்கில் குளிக்கக் கொடுத்தார். என் காரில் வி2எல் இல்லை. 7.2-க்குப் போன 50 ஆயிரத்தைச் சேர்த்து அந்த வசதி உள்ள காரை எடுத்திருக்கலாமே என்று ஒவ்வொரு கார்த்திகை மாதமும் நினைத்துக்கொள்வேன்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இன்றைக்குச் சாயந்தரம் ஏழு மணிக்கும் ராத்திரி பதினோரு மணிக்கும் உங்கள் வீட்டு வோல்டேஜ் எவ்வளவு, வயர்மேனை வைத்து எர்த்தில் பல்பு போட்டால் எப்படி எரிகிறது, உங்கள் வீடு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எத்தனையாவது கம்பம், இந்த மூன்றையும் கீழே கமெண்டில் போடுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மச்சினரைக் கூட அழைத்துப் போகாதீர்கள்.