இரவல் கிரைண்டர் எரிந்தால் யார் காசு கொடுப்பது?

கேள்வி: காலமான அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு வடைக்கு உழுந்து அரைப்பதற்காகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கிரைண்டரை இரவல் வாங்கினோம். மறுநாள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கியிருந்த தங்கச்சி வீட்டில் தோசைக்கு அரைக்கவென்று அதைக் கொண்டுபோனார்கள். அங்கே புகை வந்து நின்றுவிட்டது. அக்கா புதியது வாங்கித் தரச் சொல்கிறார். எட்டு வருடம் பாவித்த மெஷினுக்குப் புதியது கொடுப்பது நியாயமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: புதியது கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் திருத்தும் செலவு முழுவதும் உங்களுடையது. மெஷினின் வயதை அழுத்திச் சொன்ன நீங்கள், தங்கச்சி வீட்டுக்கு அது போன கதையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். விடயமே அதில்தான் இருக்கிறது. அந்தியேட்டி வீட்டாருக்கு இல்லையென்று சொல்ல எவருக்கும் மனம் வராது; அக்கா தந்ததும் அந்தக் காரியத்துக்குத்தான், தோசைக்கு அல்ல.

இப்படியான பிணக்குகளில் எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை இழுப்பதுண்டு. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் சட்டமான அது இன்று பெரும்பாலும் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்பவற்றைப் பற்றியே பேசுகிறது. இரவல் சாமானுக்கு, இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின் விதி பொருந்தும்: வாங்கியவர் மிகுந்த கவனத்தோடு, கேட்ட வேலைக்கு மாத்திரம் பாவித்து, அதே சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சாதாரண பாவனையால் வரும் தேய்வுக்கோ தம் கைமீறிய விபத்துக்கோ அவர் பொறுப்பல்ல, ஆனால் அனுமதித்த பாவனையைத் தாண்டினால், தற்செயலாக நேர்ந்த சேதத்தையும் அவரே தாங்க நேரும். முதல் நாள் உங்கள் குசினியிலேயே எரிந்திருந்தால், எட்டு வருடப் பழமையைக் காட்டிச் செலவைப் பங்கிடச் சொல்லியிருப்பேன்.

திருத்துபவர் கழற்றும்போது நீங்களும் கூட நில்லுங்கள். மோட்டரைச் சுழலத் தொடக்கிவிடும் கப்பாசிட்டர் மாத்திரம் போயிருந்தால் மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். கையால் தள்ளிவிட்டால் சிலவேளை ஓடும். அது வயதோடு வருவது, செலவும் சிறிது. புகையோடு வார்னிஷ் கருகிய மணமும் வந்ததென்றால் மோட்டரின் கம்பிச் சுற்றான கொயில் எரிந்திருக்கவே கூடும். தண்ணீர் காணாத கெட்டி மாவில் கல் இறுகி நிற்க, ஓய்வு கொடாமல் ஓடவிட்டால் அப்படித்தான் ஆகும். கொயிலைத் திரும்பக் கட்டுவித்தால் அக்காவின் கிரைண்டர் அக்காவுக்கே கிடைக்கும். திருத்தவே முடியாதென்றால், எட்டு வருடம் ஓடிய மெஷின் இன்று என்ன விலைக்குப் போகுமோ அதைக் கொடுங்கள். அதற்கு மேல் கேட்பது அக்காவுக்கும் அழகல்ல.

தங்கச்சியிடம் பங்கு வாங்குவது உங்கள் வீட்டு விடயம். அதை அக்காவின் முற்றத்தில் பேச வேண்டாம். மெஷின் அங்கே போனதை வேறு யாரும் சொல்லுமுன் நீங்களே அக்காவிடம் சொல்லிவிடுங்கள். திருத்திய பின் கொண்டுபோகும்போது, கல்லின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் மாவையும் சுரண்டிக் கழுவிக் கொண்டுபோங்கள்.