பிங்க் ஐசி (சிங்கப்பூர் சிட்டிசன் அடையாள அட்டை) இருந்தா அமெரிக்கால கிரீன் கார்டு சீக்கிரம் வருமா?

எட்டு வருஷம் அங்க எச்-1பி வேலை விசால இருந்துட்டு கிரீன் கார்டு வராமலே சிங்கப்பூர் திரும்பினவன் நான். கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

பொங்கோல்லேர்ந்து ஒரு தம்பி: அண்ணே, திருச்சில பிறந்தேன், இப்ப பிங்க் ஐசி. கிரீன் கார்டுக்கு எனக்கு எந்த நாட்டு வரிசை?

இந்திய வரிசைதான் தம்பி. நம்மாளுங்க நெறைய பேர் ஏமாறுறது இங்கதான், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். அங்க பாஸ்போர்ட்ட பாக்க மாட்டாங்க, பிறந்த நாட்டத்தான் பாப்பாங்க, எந்த நாட்டுக்கும் வருஷத்துக்கு கிரீன் கார்டுல 7 சதவீதத்துக்கு மேல கிடையாதுன்னு சட்டம், அதனால இந்தியால பிறந்த நமக்கு வருஷக்கணக்கா நீளுது. உங்க வைஃப் இங்க பிறந்தவங்களா? அப்படின்னா அவங்க கணக்குல நீங்களும் சிங்கப்பூர் வரிசைக்கு மாறிக்கலாம், மொத நாளே வக்கீல்ட்ட சொல்லிடுங்க. பிள்ளை இங்க சிங்கப்பூர் கேகே ஆஸ்பத்திரில பிறந்திருந்தா அது உங்களுக்கு உதவாது.

ஜூரோங் அக்கா: இவ்ளோ அநியாயமா இருக்கே, மாத்த மாட்டாங்களா?

பாத்தாங்கக்கா. அந்த 7 சதவீத வரம்ப எடுக்குற மசோதா 2019 ஜூலைல பிரதிநிதிகள் சபைல 365-65னு பாஸாச்சு, 2020 டிசம்பர்ல செனட்டும் வேற மாதிரி ஒண்ண பாஸ் பண்ணுச்சு, ரெண்டையும் ஒண்ணாக்குறதுக்குள்ள அவங்க தவணை முடிஞ்சு மசோதா செத்துப்போச்சு. மொத்த எண்ணிக்கைய கூட்டாம வரம்ப மட்டும் எடுத்தா மத்த நாட்டுக்காரங்க காத்திருக்கணும், அதான் எதிர்ப்பு. அவங்க பயமும் நியாயம்தான்.

உட்லண்ட்ஸ்: அங்க பேப்பர் இல்லாம வர்றவங்கள பத்தின பார்டர் சண்டைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சட்டத்துல ஒண்ணுமில்ல, அரசியல்ல எல்லாமே அதுதான். 1986ல அப்போதைய அதிபர் ரீகன் கையெழுத்து போட்டு, பேப்பர் இல்லாம இருந்த சுமார் 27 லட்சம் பேருக்கு பேப்பர் கொடுத்தாங்க, ஆனா பேப்பர் இல்லாதவங்கள வேலைக்கு வைக்கிற முதலாளிகள பிடிக்கிற பாதி ஒழுங்கா நடக்கல, அன்னிலேர்ந்து ஒரு தரப்பு 'மொதல்ல பார்டர பூட்டு, அப்புறம் பேசு'ன்னே நிக்குது. 2013ல பார்டர், பேப்பர் இல்லாதவங்க, எச்-1பி எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி செனட் 68-32ல பாஸ் பண்ணுச்சு, பிரதிநிதிகள் சபைல ஓட்டுக்கே எடுக்கல. 2024 பிப்ரவரில ரெண்டு கட்சியும் சேந்து எழுதின பார்டர் மசோதாவ டிரம்ப் வேணாம்னாரு, செனட்ல 60 ஓட்டு வேண்டிய இடத்துல 49தான் விழுந்துச்சு. வரி கட்டிட்டு ஒழுங்கா வரிசைல நிக்கிறவன் பேச்சு இந்த சண்டைக்குள்ள மாட்டிக்கிட்டு மேலயே வரமாட்டேங்குது, எனக்கு அதான் வயித்தெரிச்சல்.

தேக்கா: எச்-1பிக்கு லாட்டரில பேர் விழணுமே, அது இல்லாம வேலைக்கு போக வழி உண்டா?

உண்டு, எச்-1பி1. சிங்கப்பூர்-அமெரிக்கா வர்த்தக ஒப்பந்தத்துல 2004லேர்ந்து சிங்கப்பூர் சிட்டிசனுக்கு மட்டும் வருஷத்துக்கு 5,400 இடம், பிஆருக்கு (இங்க நிரந்தரவாசிக்கு) கிடையாது. இதுல பாஸ்போர்ட்தான் கணக்கு, திருச்சி தம்பியும் போகலாம். ஆனா அங்கயே தங்கிடப் போறேன்னு இன்டர்வியூல சொன்னா விசா கிடைக்காது.