வெடித்துப்போன கத்திப் பிடிக்கு மாற்று
வணக்கம். வெட்டிய ஈரம் காயும் முன்பே வேப்பங்கிளையைச் சீவிக் கத்திக்குப் போட்ட பிடி, சில வாரங்களில் நீளவாக்கில் வெடித்து ஆடுவதாக எழுதியிருந்தீர்கள். வேம்பின்மீது குற்றமில்லை; ஈரம் வற்றும்போது மரம் குறுக்குவாட்டில் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் இரும்புக் காம்போ (அலகிலிருந்து நீண்டு பிடிக்குள் செல்லும் பகுதி) சுருங்குவதில்லை, ஆகவே மரம் பிளந்தே தீரும். அதிலும் நடுச்சோற்றோடு (கிளையின் மையத்திலுள்ள மென்மையான பகுதி) கூடிய உருண்டைக் கிளை வெடிக்காமல் உலர்வது அரிது.

நன்கு உலர்ந்த புளி அல்லது கருவேல மரத்தின் வைரப்பகுதியை (உட்புறத்திலுள்ள கெட்டியான, கருத்த மரம்), நார் ஓட்டம் பிடியின் நீளத்தோடு செல்லுமாறு அறுத்து வாங்குங்கள். காம்பைவிடச் சற்றுச் சிறிய துளையிட்டு, காம்பின் நுனியை மட்டும் காய்ச்சிச் செருகினால், அது தன் வடிவிலேயே மரத்தைச் சுட்டு இடம் செய்துகொள்ளும். அப்போது அலகை ஈரத்துணியால் சுற்றிவையுங்கள். சூடு ஏறிவிட்டால் கூர் நிற்காது. பிறகு உருவியெடுத்து, கரியைச் சுரண்டிவிட்டு, எபாக்சி பசையிட்டுச் செருகி ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள்.