வாசகர் கேள்வி – பதில்: 25 பாண்ட் படங்களும் என் நோட்டும்

ஜேம்ஸ் பாண்ட் படங்கள் 25ஐயும், 1962இல் வந்த 'டாக்டர் நோ'வில் தொடங்கி 2021இல் வந்த 'நோ டைம் டு டை' வரை, வெளியான வரிசையிலேயே இந்தக் கோடையில் பார்க்கப் போகிறேன் என்று போன இதழில் ஒரு பதிலில் எழுதியிருந்தேன். பார்த்து முடித்துவிட்டேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருப்பதால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்தப் படத்துக்கு முதலிடம்? (வாசகர், திருநெல்வேலி)

'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்', 1969. பார்க்க ஆரம்பிக்கும் முன் ஞாபகத்தை வைத்து நோட்டில் ஒரு வரிசை எழுதி வைத்தேன், அதில் இந்தப் படம் ஒன்பதாவது. முடித்த பிறகு எழுதிய வரிசையில் முதலாவது. இரண்டாவது 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்', மூன்றாவது 'கேசினோ ராயல்', நான்காவது 'தி லிவிங் டேலைட்ஸ்', ஐந்தாவது 'கோல்ட்ஃபிங்கர்'. ஆறாவது 'ஸ்கைஃபால்', ஏழாவது 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ'.

இந்த ஆளுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிவிடுமோ என்று நம்மைப் பதற வைக்கிற படங்கள்தான் மறுபடி பார்க்கும்போதும் நிற்கின்றன. 1967இல் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்துக்காகப் பைன்வுட் ஸ்டுடியோவில் எரிமலைக்குள் ராக்கெட் தளம் இருப்பதுபோல ஒரு செட் போட்டார்கள், அந்த ஒரு செட்டுக்கு ஆன செலவு சுமார் 10 லட்சம் டாலர், அதாவது முதல் படம் முழுவதையும் எடுக்க ஆன பணம். கலை இயக்குநர் கென் ஆடமின் கைவண்ணத்துக்கு இன்றைக்கும் கும்பிடு போடலாம். ஆனால் அதற்குள் ஓடும் பாண்டைப் பற்றி எனக்கு ஒரு நிமிடம்கூடக் கவலை வரவில்லை. 1969 படத்தில் ஒரு இடம் இருக்கிறது. சுவிஸ் மலையிலிருந்து தப்பி இறங்கிய பாண்ட், ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் புகுந்து, பனிச்சறுக்கு மைதானத்தின் ஓரத்தில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு குறுகி உட்கார்ந்திருப்பார். துரத்துகிறவர்கள் நாலு பக்கமும் தேடுகிறார்கள். அவர் முகத்தில் அப்பட்டமான பயம், போக வழியில்லை. அப்போது ஒரு ஜோடி சறுக்குக் காலணி வந்து அவர் முன்னால் நிற்கிறது. கேமரா மெதுவாக மேலே போனால், படத்தின் நாயகி டிரேசி. 25 படங்களில் பாண்டை ஒருத்தி காப்பாற்ற வந்த காட்சிகள் இன்னும் உண்டு, இப்படி ஒரு நிம்மதியை எனக்குக் கொடுத்தது இது ஒன்றுதான்.

கேள்வி: ஜார்ஜ் லேசன்பி ஒரே படத்தோடு போனவர். அவர் படத்துக்கா முதலிடம்? (வாசகி, கோயம்புத்தூர்)

ஆமாம், அவர் படத்துக்குத்தான். லேசன்பி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விளம்பர மாடல், நடிப்பு அனுபவம் கிடையாது, சில இடங்களில் வசனம் தட்டையாக விழுவதும் உண்மை. ஆனால் அடிதடியில் அவர் உடம்பு பேசுகிறது. இயக்குநர் பீட்டர் ஹன்ட் அதற்கு முந்தைய பாண்ட் படங்களுக்கு எடிட்டராக இருந்தவர், அதனால் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கலை. டிரேசியாக டயானா ரிக். ஜான் பேரியின் இசை. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரலில் அந்தப் பாட்டு.

கடைசிக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும் (படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்). கல்யாணம் முடிந்து இருவரும் காரில் போகிறார்கள். காரின் மேல் ஒட்டியிருக்கும் பூக்களை எடுக்க வழியில் நிறுத்துகிறார் பாண்ட். இன்னொரு கார் கடந்து போகிறது, துப்பாக்கிச் சத்தம். யார் சுட்டது என்று தெரிந்ததும் துரத்துகிற அவசரத்தில் பாண்ட் காருக்குள் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், டிரேசி உயிரோடு இல்லை. பைக்கில் வந்த போலீஸ்காரரிடம், அவள் கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள், எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்கிறார். கண்ணாடியில் குண்டு துளைத்த ஓட்டையில் படம் முடிகிறது.

வரிசையாகப் பார்த்ததால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதற்கு அப்புறம்தான். 1971 படத்தில் டிரேசியின் பேரே வருவதில்லை, அது எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் 1977இல் பாண்டாக வரும் ரோஜர் மூரிடம் ஒரு பெண் அவர் மனைவியைப் பற்றிப் பேச்செடுத்ததும் சட்டென்று வெட்டிவிடுவார். 1981இல் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' அவள் கல்லறையில்தான் தொடங்குகிறது, கல்லில் 1969 என்று வருடம்கூடப் போட்டிருக்கிறது. 1989இல் டிமதி டால்டனின் நண்பர், இவனுக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் ஆகியிருந்தது என்று தன் மனைவியிடம் சொல்கிறார். 2021இல் டேனியல் கிரெய்க் காரோட்டும்போது 1969 படத்தின் இசை பின்னால் வருகிறது. ஆள் மாறிக்கொண்டே இருக்க, அந்தத் துக்கம் மட்டும் கைமாறிக் கைமாறி வருகிறது. தனித்தனியாகப் பார்த்த காலத்தில் இது என் கண்ணில் படவே இல்லை.

கேள்வி: ஷான் கானரியா, ரோஜர் மூரா? எங்கள் வீட்டில் தினமும் சண்டை. (வாசகர், தஞ்சாவூர்)

கானரி. காரணம் 1963இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தின் ரயில் சண்டை. ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் எதிரியின் கொலையாளியாக ராபர்ட் ஷா கூடவே வருகிறார், நம்ம ஆள் மாதிரி நடித்துக்கொண்டு. சாப்பாட்டு மேசையில் மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறார் (வெள்ளை ஒயின்தான் வழக்கம்). அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று பாண்ட் பிறகு சொல்கிறார், அதைச் சொல்லும்போது அவர் கம்பார்ட்மென்ட் தரையில் முழங்கால் போட்டு நிற்க, எதிரே துப்பாக்கி. தப்பிக்க அவர் கையில் இருப்பது பேச்சு மட்டும்தான். பெட்டியில் தங்க நாணயங்கள் இருக்கின்றன என்று ஆசை காட்டுகிறார், மற்றொரு பெட்டியிலும் இருக்குமா என்று அவன் கேட்கிறான், அவனே அதைத் திறக்கிறான், புகை வெடிக்கிறது. அதன் பிறகு விளக்கு உடைந்து நீல வெளிச்சத்தில், கை நீட்ட இடமில்லாத அந்தச் சின்ன அறையில் இரண்டு பெரிய ஆட்கள் ஒருவரை ஒருவர் கொல்லப் பார்க்கிறார்கள். பின்னணி இசையே கிடையாது, ரயில் சத்தம்தான்.

மூர் ரசிகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்தின் தொடக்கத்தில், பனிமலை உச்சியிலிருந்து ஸ்கீயோடு பாதாளத்தில் குதிக்கிற அந்த ஸ்டன்ட்டைக் கனடாவின் பாஃபின் தீவில் ரிக் சில்வெஸ்டர் நிஜமாகவே செய்தார். குதித்ததும் இசையை நிறுத்திவிடுகிறார்கள். பாராசூட் விரியும்வரை நாமும் மூச்சு விடுவதில்லை. கழன்று விழுந்த ஸ்கீ ஒன்று பாராசூட்டை உரசிக்கொண்டு போவதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், அந்த மனிதர் எவ்வளவு பெரிய ஆபத்தைத் தாண்டி வந்திருக்கிறார் என்று புரியும்.

கேள்வி: 'ஆக்டோபஸி'யில் நம்ம விஜய் அமிர்தராஜ் நடித்தாரே, அதற்கு எத்தனையாவது இடம்? (வாசகர், சென்னை)

பதினாறாவது. விம்பிள்டனில் இரண்டு முறை காலிறுதி வரை போன நம்ம சென்னைக்காரர், 1983இல் உதய்ப்பூரில் பாண்டுக்கு உதவும் உளவாளியாக வருகிறார், பாத்திரத்தின் பேரும் விஜய்தான். ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் எதிரியின் ஆட்களை அவர் அடிக்க அடிக்க, தெருவில் நிற்கிற கூட்டம் ஆட்டம் பார்ப்பதுபோலத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பும். அவர் இருக்கும் வரைக்கும் படத்தில் ஒரு உற்சாகம் இருக்கிறது. அவரைக் கொன்ற பிறகு அவருக்காக யாரும் பெரிதாக வருத்தப்படாமல் கதை நகர்ந்துவிடுகிறது, அதற்கே நான் மதிப்பெண் குறைத்தேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒரே தெருவில் ஆணிப் படுக்கை, தீ மிதித்தல், வாள் விழுங்குதல் எல்லாம். சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தைக் கூட இருக்கும் இந்தியரிடம் கொடுத்துவிட்டு, சில வாரத்துக்குக் கறிக்குழம்புக்கு ஆகும் என்கிற மாதிரி பாண்ட் ஒரு வசனம் பேசுவார். சின்ன வயதில் சிரித்திருக்கலாம், இப்போது முடியவில்லை. ஆனால் கோமாளி வேஷத்தில் வெடிகுண்டை நிறுத்த பாண்ட் கெஞ்சுகிற கடைசிக் கட்டம் அருமை. யாருமே அவரை நம்ப மாட்டார்கள், நமக்கு வயிற்றைப் பிசையும்.

கேள்வி: பெண்களை நடத்தும் விதத்தைச் சகித்துக்கொண்டு பழைய படங்களை எப்படிப் பார்த்தீர்கள்? (வாசகி, மதுரை)

எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளவில்லை. 'கோல்ட்ஃபிங்கர்' என் பழைய வரிசையில் இரண்டாவது. தங்க முலாம், ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார், 007இல் நிற்கும் வெடிகுண்டுக் கடிகாரம் என்று விருந்துதான். ஆனால் வைக்கோல் கொட்டகையில் வேண்டாம் என்று தள்ளுகிற பெண்ணைப் பாண்ட் பலவந்தப்படுத்துவதைக் காதல் காட்சி மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள். 'தண்டர்பால்' படத்திலும் ஒரு நர்ஸை மிரட்டியே இணங்க வைக்கிறார். அது அந்தக் காலம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனசில்லை, ஏனென்றால் அதே காலத்தில்தான் டிரேசி என்கிற பாத்திரத்தையும் எழுதினார்கள். ஒரு படம் மூன்று இடம் இறங்கியது, இன்னொன்று பதினான்குக்குப் போனது.

இதற்கு நேர் எதிராக 'கேசினோ ராயல்' படத்தில் ஒரு காட்சி. கண்ணெதிரே நடந்த கொலையைப் பார்த்த அதிர்ச்சியில் நாயகி வெஸ்பர் உடுத்திய உடையோடு ஷவருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். பாண்ட் எதுவும் கேட்கவில்லை, தானும் சட்டையோடு போய்ப் பக்கத்தில் உட்காருகிறார். குளிருதா என்று கேட்டு வெந்நீரைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறார். 44 வருடப் படங்களைத் தாண்டி அந்த இடத்துக்கு வரும்போது அதன் எடை தெரியும்.

கேள்வி: 'ஸ்பெக்டர்' பார்த்தபோது முத்தக் காட்சி சட்டென்று துண்டானதே, பிரிண்ட் கோளாறா? (வாசகர், சேலம்)

இல்லை. 2015இல் நம்ம தணிக்கை வாரியம் முத்தக் காட்சிகளின் நீளத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. கொலைகள் முழுசாக ஓடின.

கேள்வி: கடைசி இடம் எதற்கு? (வாசகர், ஈரோடு)

2002இல் வந்த 'டை அனதர் டே'. கண்ணுக்குத் தெரியாத கார்கூடப் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் செய்த அலையில் பாண்ட் சறுக்குகிற காட்சிதான் தாங்கவில்லை. பாஃபின் தீவில் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் குதித்த அதே வரிசையில் இது வரலாமா? பியர்ஸ் பிராஸ்னன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, 'கோல்டன்ஐ' படத்தில் எவ்வளவு நன்றாகத் தொடங்கியவர்.

கேள்வி: 'குவாண்டம் ஆஃப் சொலஸ்' மோசம் என்கிறார்களே? (வாசகர், புதுச்சேரி)

எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தின்போது முழுமையாகாத திரைக்கதையோடு எடுத்த படம், குறைகள் தெரியத்தான் செய்கின்றன. ஆனால் 'கேசினோ ராயல்' முடிந்த சூட்டோடு அதே இரவில் இதைப் போட்டுப் பாருங்கள், கதை கிட்டத்தட்ட விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. 106 நிமிடம்தான். அந்த ஆஸ்திரிய ஓபரா காட்சிக்காகவே நான் அதைப் பதினோராவது இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. எந்தப் படத்தில் ஆரம்பிக்கச் சொல்லலாம்? (வாசகி, நாகர்கோவில்)

'தி லிவிங் டேலைட்ஸ்', 1987. செல்லோ (பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம்) வைக்கும் பெட்டியில் உட்கார்ந்து பனியில் சறுக்கி எல்லை தாண்டுவதை எந்தப் பிள்ளையும் ரசிக்கும். அதைவிட, தொடக்கத்தில் எதிரே மறைந்திருந்து சுடப் போகிறவள் செல்லோ வாசித்த பெண் என்று பார்த்ததும், டால்டன் அவளைச் சுடாமல் துப்பாக்கியைச் சுட்டுவிட்டு, மேலிடம் வேலையைவிட்டுத் தூக்கினால் தூக்கட்டும் என்பார். அந்தப் பாண்டை மகள் முதலில் சந்திக்கட்டும். 'கோல்ட்ஃபிங்கர்' பார்க்கும்போது நீங்களும் கூட உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: மறுபடி பார்த்ததில் கண்கலங்கிய இடம் உண்டா? (வாசகர், காரைக்குடி)

டிரேசியின் முடிவு தவிர இன்னொன்று. கருவிகள் செய்து கொடுக்கும் கியூவாக 17 படங்களில் வந்தவர் டெஸ்மண்ட் லூவெலின். 1999இல் வந்த 'தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்' அவருடைய கடைசிப் படம், வெளியாகிச் சில வாரங்களில் கார் விபத்தில் இறந்துபோனார். அதில் அவர் பாண்டிடம், ரத்தம் கசிவதை எதிரிக்குக் காட்டாதே, தப்பிக்க ஒரு வழியை எப்போதும் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, நின்ற தளத்தோடு மெதுவாகக் கீழே இறங்கி மறைவார். நான் படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். 1963 படத்தை எடுத்து, அவர் முதன்முதலாக வந்து, கறுப்புப் பெட்டியை மேசைமேல் வைத்து, எங்கே கத்தி, எங்கே நாணயம் என்று பொறுமையாகக் காட்டுகிற அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன்.