பால் ஈர்ப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? கேள்வி பதில்

கேள்வி: ஏசெக்சுவல் என்றால் என்ன என்று அக்கா கேட்கிறாள். எப்படி விளக்குவது?

பதில்: "யாரைப் பார்த்தாலும் எனக்கு உடல் ஆசை வருவதில்லை. அன்பு வரும், பாசம் வரும்." இவ்வளவு போதும். சிலருக்குக் காதலும் வரும், சிலருக்கு வராது. நான் என் அக்காவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அப்புறம் மெதுவாக, "யாராவது உன்னை ஏதாவது பண்ணிட்டாங்களா?" என்றாள். அது பயத்தில் வரும் கேள்வி. கோபப்படாமல் இல்லை என்று சொல்லுங்கள். ஆனால் அந்தரங்க விவரங்களை ஆதாரமாகக் கொடுக்காதீர்கள். ஒன்றைச் சொன்னால் அடுத்ததைக் கேட்பார்கள்.

கேள்வி: ஹார்மோன் குறைபாடாக இருக்குமோ?

பதில்: இருந்த ஆசை திடீரென்று குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். என்றைக்குமே இருந்ததில்லை, அதனால் உளைச்சலும் இல்லை என்றால் அது நோய் இல்லை. தன்னை ஏசெக்சுவல் என்று உணர்பவருக்கு ஆசைக் குறைபாடு என்று நோய்ப் பெயர் சூட்டக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடே சொல்கிறது.

கேள்வி: பிரம்மச்சரியம்தானே இது?

பதில்: இல்லை. அது ஒருவர் எடுக்கும் முடிவு. இதில் யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை.

கேள்வி: இதற்கெல்லாம் பெயர் எதற்கு? அந்தக் காலத்தில் பெயர் வைத்துக்கொண்டா வாழ்ந்தார்கள்?

பதில்: பெயரில்லாமல்தான் வாழ்ந்தார்கள். எப்படி வாழ்ந்தார்கள் என்று யார் கேட்டார்கள்? 1948-ல் பாலியல் ஆய்வாளர் கின்சி மனிதர்களை, எதிர்பால் ஈர்ப்பு மட்டும் என்றால் 0, தன்பால் ஈர்ப்பு மட்டும் என்றால் 6 என்று வரிசைப்படுத்தினார். அதில் அடங்காதவர்களுக்கு 'எக்ஸ்' என்று ஓர் எழுத்துதான் கிடைத்தது. 2001-ல் டேவிட் ஜே இணையத்தில் ஏசெக்சுவல் மனிதர்களுக்காக 'ஏவன்' என்ற தளத்தைத் தொடங்கிய பிறகு எத்தனையோ பேர் தங்களைப் போன்றவர்களை முதன்முதலாகப் பார்த்தார்கள். பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட கணக்கெடுப்பை வைத்து, நூற்றுக்கு ஒருவர் இப்படி என்று 2004-ல் ஆய்வாளர் அந்தோணி போகார்ட் எழுதினார். எனக்கு 26 வயதில்தான் ஏசெக்சுவல் என்ற சொல் கிடைத்தது. அதுவரை நண்பர்கள் பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: முந்தைய கேள்வியோடு நானும் சேர்கிறேன். முத்திரை குத்திக்கொண்டால் பிறகு மாற முடியாதே?

பதில்: ஏன் முடியாது? பொருந்தவில்லை என்றால் விட்டுவிடலாம். வேண்டாம் என்பவர் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது. அதை நீங்கள் பிடுங்க வேண்டாம்.

கேள்வி: ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சரியான ஆள் கிடைத்தால் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: சரியாக வேண்டியது எதுவும் இல்லை. 'சரியாகிவிடும்' என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேள்வி: என் துணை ஏசெக்சுவல். அப்படியானால் என்மேல் ஆசையே இல்லையா? என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்?

பதில்: உடல் ஆசை இல்லாமலிருக்கலாம். அதை வைத்து அன்பை அளக்காதீர்கள். சிலர் துணைக்காக விரும்பியே உடலுறவுக்குச் சம்மதிப்பார்கள், சிலருக்கு அறவே முடியாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று கேளுங்கள். ஏன் என்று குடையாதீர்கள். முடியாது என்றால் முடியாதுதான். உங்களுக்கு என்ன தேவை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொல்வதை வேறு யாரிடமும் கொண்டுபோகாதீர்கள், என்னிடமும்கூட.