வயர் மவுஸ் வாங்குமுன் கையை அளந்து பாருங்கள்

கேள்வி: கணினியில் சுடும் விளையாட்டுகளை ஆடுவதற்காக வயர் உள்ள கேமிங் மவுஸ் ஒன்றை வாங்க விரும்புகிறேன். குறி தவறக் கூடாது, நெடுநேரம் ஆடினாலும் கை வலிக்கக் கூடாது. 2,000 ரூபாய்தான் செலவிட முடியும். டிபிஐ அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

போதாது. மவுஸின் வேகத்தைக் குறிக்கும் அந்த டிபிஐ எண்ணை (விளக்கம் பின்னால் வருகிறது) நம்பி 4,500 ரூபாயை இழந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மும்பையில் சயானில் குடியிருக்கிறேன். பகலெல்லாம் அலுவலகத்தில் எக்ஸெல் கணக்குகள், இரவில் ஒரு மணி நேரம் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் விளையாட்டு என்று ஒரு நாளில் ஒன்பது, பத்து மணி நேரம் என் வலது கை மவுஸின் மீதுதான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, பெட்டியின் மீது 16,000 டிபிஐ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு பெரிய மவுஸை, கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல் இணையத்தில் வாங்கினேன். பதின்மூன்று சென்டிமீட்டர் நீளம். எடையைக் கூட்டிக்கொள்ள உள்ளே வைக்கும் இரும்புக் குண்டுகள் வேறு. மூன்று வாரங்களில் சுண்டுவிரலும் மோதிர விரலும் வலிக்கத் தொடங்கின. குறியோ முன்பிருந்ததைவிட மோசமானது. மவுஸின் நகர்வை அறியும் சென்சார் எந்தப் பிழையும் செய்யவில்லை. என் கை அந்த மவுஸை அடக்கி ஆளப் போதவில்லை என்பதே உண்மை.

ஆகவே முதலில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை முடிந்து மணிக்கட்டு தொடங்கும் இடத்தில் உள்ள ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, அதில் 60 விழுக்காட்டைக் கணக்கிடுங்கள். மவுஸின் நீளத்துக்கு இது ஒரு தொடக்கப் புள்ளி. விளையாடுவோர் நெடுநாளாகக் கையாளும் உத்தேசக் கணக்குதானே தவிர விதி அன்று. என் கை 18 சென்டிமீட்டர், கணக்குப்படி 10.8 வருகிறது. உள்ளங்கை முழுவதையும் மவுஸின் மீது சாய்த்து வைப்பவர்கள் அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். அந்த வகையில் எனக்கு 11 முதல் 12 சென்டிமீட்டர் வரையிலான மவுஸ் பொருந்தும். 13 எப்படிப் பொருந்தும்?

நீளத்துக்கு அடுத்ததாக நீங்கள் மவுஸைப் பிடிக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளங்கை முழுவதும் படிந்திருந்தால் பாம் கிரிப். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் மவுஸின் பின்புறத்தில் பட, விரல்கள் வளைந்து நின்றால் கிளா கிரிப். விரல் நுனிகளைத் தவிர எதுவுமே படாவிட்டால் ஃபிங்கர்டிப். நீங்கள் எந்த வகை என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், தவறான விடைதான் கிடைக்கும். நான் பாம் கிரிப் ஆள் என்றே பல ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விளையாட்டு சூடுபிடித்த நேரத்தில் அக்கா மகன் பக்கவாட்டிலிருந்து என் கையைப் படமெடுத்துக் காட்டி, "மாமா, உங்க கை நண்டு மாதிரி நிக்குது" என்றான். ஓய்வாக இருக்கும்போது படிந்து கிடக்கும் என் கை, எதிரி தென்பட்டவுடன் கிளா கிரிப்புக்கு மாறிவிடுகிறது. நீங்களும் வீட்டில் யாரையாவது அப்படியொரு படம் எடுக்கச் சொல்லிவிட்டு அதன் பிறகு மவுஸைத் தேடுங்கள்.

பாம் கிரிப்புக்கு நீளமும் உயரமும் உள்ள முதுகு வேண்டும். வலப்புறம் சரிந்த வடிவம் இன்னும் சுகமாக இருக்கும். கிளா கிரிப்புக்கு முதுகின் மேடு சற்றுப் பின்தள்ளி இருந்தால் உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு ஊன்றுகோல் கிடைத்தது போலிருக்கும். ஃபிங்கர்டிப் ஆட்களுக்குத் தட்டையான, சிறிய, எடை குறைந்த மவுஸே சரி. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இருபுறமும் ஒரே வடிவமுள்ளதை வாங்க வேண்டும் என்றாலும், அவற்றிலும் சைடு பட்டன்கள் பெரும்பாலும் இடப்புறத்தில் மட்டுமே இருப்பதால் அவை சுண்டுவிரல் பக்கம் போய்விடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

என்னை வதைத்த அந்தப் பெரிய மவுஸ் இப்போது அக்கா மகனின் விடுதி நண்பனிடம் இருக்கிறது. அவன் கை இருபது சென்டிமீட்டருக்கு மேல். இதைவிடச் சுகமான மவுஸை அவன் பார்த்ததே இல்லையாம்.

இனி நீங்கள் கேட்ட டிபிஐக்கு வருகிறேன். மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. அது மேற்பரப்பை விநாடிக்குப் பல ஆயிரம் முறை படமெடுக்க, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு எத்திசையில் எவ்வளவு நகர்ந்தோம் என்று உள்ளே இருக்கும் சில்லு கணக்கிடுகிறது. ஓர் அங்குலம் நகர்ந்தால் அந்தக் கணக்கை எத்தனை எண்ணிக்கையாகக் கணினிக்கு அனுப்புவது என்பதே டிபிஐ. இது வேகத்தின் அளவே அன்றித் துல்லியத்தின் அளவு அன்று. எடுத்துக்காட்டாக, கவுண்டர் ஸ்ட்ரைக்கில் சென்சிடிவிட்டியை (மவுஸ் நகர்வுக்கு ஆட்டத்தில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அமைப்பை) 1 என்றும் டிபிஐயை 800 என்றும் வைத்தால், ஆட்டத்தில் முழு வட்டமாகத் திரும்ப மவுஸை ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். அதே சென்சிடிவிட்டியில் டிபிஐயை 16,000 ஆக்கினால் ஓர் அங்குலம் நகர்த்தியவுடன் முழு வட்டம் முடிந்துவிடும். அந்த ஓர் அங்குலத்துக்குள் தொலைவில் தெரியும் ஒரு தலையைக் குறிபார்க்க எந்த மனிதக் கையாலும் ஆகாது. 800 அல்லது 1,600 டிபிஐயில் வைத்துவிட்டு, மீதியை விளையாட்டின் சென்சிடிவிட்டியில் சரிசெய்துகொள்வதே நடைமுறை. மலிவான மவுஸ்களோ உண்மையில் அளக்காத எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு இட்டு நிரப்பி, பெட்டியில் பெரிய எண்ணாக அச்சிட்டுவிடுகின்றன.

சென்சாரில் கவனிக்க வேண்டியது, எவ்வளவு வேகமாக இழுத்தாலும் தடம் மாறாமல் நிற்கிறதா என்பதைத்தான். இதை ஐபிஎஸ் என்ற அளவில் சொல்வார்கள். விநாடிக்கு எத்தனை அங்குலம் என்று பொருள். தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360 என்ற பழைய சென்சாருக்கே இது 250, அதாவது விநாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல். பிறகு வந்த 3395க்கு 650. என் மேஜையின் அகலமே 1.2 மீட்டர்தான் என்பதால் இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை என் கை உணரப்போவதில்லை. பெயர் பெற்ற நிறுவனங்களின் தொடக்க விலை மவுஸ்களில்கூட இன்று நல்ல சென்சார்களே இருக்கின்றன. மவுஸ் கணினிக்குத் தகவல் அனுப்பும் வேகமான போலிங் ரேட் 125 ஹெர்ட்ஸ் என்றால் மவுஸ் 8 மில்லி விநாடிக்கு ஒரு முறையும், 1,000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லி விநாடிக்கு ஒரு முறையும் கணினிக்குத் தகவல் தருகிறது. 1,000 போதும், 8,000 ஹெர்ட்ஸ் பழைய கணினியின் சிபியூவுக்கு வீண் சுமை.

எந்த மவுஸை வாங்கினாலும் விண்டோஸின் மவுஸ் அமைப்பில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். துல்லியத்தைக் கூட்டுவது போல் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது செய்வதோ, கை நகரும் வேகத்துக்கு ஏற்பப் பாயிண்டர் செல்லும் தூரத்தை மாற்றுவது. ஒரே தூரத்தை இருமுறை இழுத்தாலும் இரு வேறு இடங்களில் போய் நின்றால் கைக்கு எப்படிப் பழக்கம் ஏற்படும்?

குறைந்த சென்சிடிவிட்டியில் ஆடுவோர் மவுஸை அடிக்கடி தூக்கி வைக்க நேரும். தூக்கும்போதும் சென்சார் படித்துக்கொண்டிருந்தால் குறி நகர்ந்துவிடும். சோதிக்கப் பழைய சிடிக்கள் இரண்டு போதும். ஒரு சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். இரண்டையும் மவுஸ் பேடின் மீது சிறிது இடைவெளிவிட்டு வைத்து, சென்சார் அந்த இடைவெளிக்கு மேலே வரும்படி மவுஸை அவற்றின் மீது நிறுத்தி அசைத்துப் பாருங்கள். பாயிண்டர் நகராவிட்டால் நல்லது.

எடையைப் பொறுத்தவரை 90 கிராமுக்குள் இருந்தால் போதும். 59 கிராமுக்கும் மவுஸ்கள் வருகின்றன, சுகமாகத்தான் இருக்கின்றன. ஆனால் எடையைக் குறைப்பதற்காக மேலோட்டில் தேன்கூடு போல ஓட்டை போட்டவற்றை மும்பைக்காரர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மே மாத வியர்வையும் தெருப்புழுதியும் எங்கே போய்ச் சேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

வயர் மவுஸின் சுகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வயரேதான். தடித்த, விறைப்பான கேபிள் மேஜையின் விளிம்பில் உரசி, நீங்கள் இடப்புறம் போனால் வலப்புறம் இழுக்கும். காலணிக் கயிறு போல் தொய்ந்து கிடக்கும் பாராகார்ட் கேபிள் இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால், கேபிளைப் பிடித்து உயரத்தில் நிறுத்தும் பஞ்சீ என்ற தாங்கியை வாங்கலாம்; நான் ஒரு பைண்டர் கிளிப்பை மானிட்டரின் காலில் மாட்டி, அதன் வளையத்தினூடே கேபிளைச் சற்றுத் தளர்வாக விட்டிருக்கிறேன், அதுவே போதுமானதாக இருக்கிறது. வயர்லெஸைவிட வயர் வேகமானது என்ற பேச்சு பழையதாகிவிட்டது, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இயங்கும் நல்ல வயர்லெஸ் மவுஸ்கள் இன்று எதிலும் குறைவில்லை. நான் இன்னும் வயரைத் தேர்ந்தெடுப்பது சார்ஜ் போடும் வேலை இல்லை என்பதாலும், பேட்டரிக்குப் போகும் பணம் மிச்சமாவதாலும்தான்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. என் பழைய மவுஸின் இரு பக்கங்களிலும் பிடிமானத்துக்காக ஒட்டியிருந்த ரப்பர் இரண்டாவது மழைக்காலத்தில் பலாப்பழப் பிசின் போல ஒட்டத் தொடங்கியது. ஈரப்பதமும் கைவியர்வையும் சேர்ந்தால் இவ்வகைப் பூச்சுகள் நாளடைவில் சிதைந்து பிசுபிசுத்துப் போகின்றன. ஆகையால், சொரசொரப்பாக வார்த்த வெறும் பிளாஸ்டிக் பக்கங்களே கடலோர ஊர்களுக்கு ஏற்றவை. ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதியும் டபுள் கிளிக் கோளாறும் எனக்கு நேர்ந்திருக்கிறது. சாதாரண ஸ்விட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுப் பிரிகின்றன. தேய்மானமும் களிம்பும் ஏற ஏற அந்தத் தொடர்பு தடுமாறுகிறது. ஒளிக்கற்றையைக் கொண்டு இயங்கும் ஆப்டிகல் ஸ்விட்சில் இந்தச் சிக்கல் இல்லை.

இயன்றால் நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். மும்பையில் அதற்குக் கணினிக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு. தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாறி ஸ்லோ வண்டியில் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துபோகும் தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கூட்டம் கூடாத முற்பகலில் போனால், பிரித்து வைத்திருக்கும் மவுஸை எடுத்துத் தருவார்கள். ஐந்து நிமிடம் கையில் வைத்திருங்கள். சுண்டுவிரல் மேஜையில் உரசுகிறதா, சைடு பட்டன் பிடியைத் தளர்த்தாமலே கட்டை விரலுக்கு எட்டுகிறதா, சக்கரம் படிப்படியாக நின்று நின்று சுழல்கிறதா என்று பாருங்கள். வண்ண விளக்குகளைப் பார்க்கத் தேவையில்லை. உங்கள் கை அவற்றை மூடிக்கொள்ளும். ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் வாரண்டிக்கு அலைவது வீண்.

உங்கள் 2,000 ரூபாய்க்குள் என் தேர்வைச் சொல்கிறேன். கை 19 சென்டிமீட்டருக்குள் இருந்து, கிளா அல்லது ஃபிங்கர்டிப் பிடியானால் லாஜிடெக் ஜி102. நீளம் 116.6 மில்லிமீட்டர், எடை 85 கிராம், பக்கங்களில் ரப்பர் கிடையாது. இதன் கேபிள் எனக்குப் பிடிக்காது. பைண்டர் கிளிப் அதற்காகத்தான் வந்தது. கை அதைவிடப் பெரிதாக இருந்து பாம் கிரிப்பானால் ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல். நீளம் 127 மில்லிமீட்டர், எடை 96 கிராம். நான் சொன்ன எடை வரம்பை இது சிறிது தாண்டினாலும், பெரிய கைக்கு அது பாரமாகத் தெரியாது. சிறிய கைக்கு ரேசர் வைப்பர் மினி எங்காவது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்: 61 கிராம் எடை, ஆப்டிகல் ஸ்விட்ச், ஓட்டை இல்லாத ஓடு.

பணம் முழுவதையும் மவுஸுக்கே செலவழித்துவிடாமல், 450க்கு 400 மில்லிமீட்டர் அளவுள்ள துணி மவுஸ் பேடுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். நான் மேலே சொன்ன 52 சென்டிமீட்டர் கணக்குப்படி, பின்னால் வரும் எதிரியை நோக்கித் திரும்ப 26 சென்டிமீட்டர் வேண்டும். உள்ளங்கை அளவுள்ள பேடில் அதற்கு இடம் கிடையாது. ஜூலை மழையில் துணி ஈரத்தை இழுத்து மவுஸ் மந்தமாக நகரும். அப்போது மவுஸைக் குறைசொல்லாமல் பேடைச் சோப்பு நீரில் அலசி, மின்விசிறியின் கீழ் முழுதாகக் காயவிட்டு எடுத்தால் சரியாகிவிடும்.