தீபாவளிச் சரக்கு: ரெடிமேட் கடைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 600 சதுர அடியில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு விற்பனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொங்கல் வரை பாதி ரேக் அப்படியே நின்றது. இந்த முறை எவ்வளவு சரக்கு, எப்போது போடுவது? (அருப்புக்கோட்டை வாசகர்)

"போன வருஷம் 12 லட்சம் விற்றது, இந்த வருஷம் 12 லட்சத்துக்குச் சரக்கு இறக்குவோம்" என்று கணக்குப் போட்டால் பொங்கலுக்கும் ரேக் நிறைந்துதான் இருக்கும். விற்ற தொகை வேறு, அடக்கம் (சரக்கை வாங்கிய விலை) வேறு. வரி நீங்கலாக விற்பனை 12 லட்சம், அதில் லாபம் 30 சதவீதம் என்றால் விற்ற சரக்கின் அடக்கம் 8,40,000 ரூபாய். தீபாவளி முடிந்த மறுநாள் கடையில் இருக்க வேண்டிய சரக்கு 1,50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 9,90,000. இதில் கையிருப்பைக் கழிக்க வேண்டும். கையிருப்பு 3 லட்சம் இருந்தாலும், ஆடித் தள்ளுபடியிலேயே போகாத 1 லட்சத்தைச் சேர்க்காதீர்கள். ஆடியில் பாதி விலைக்குப் போகாத சட்டை ஐப்பசியில் முழு விலைக்கா போகும்? ஆக, வாங்க வேண்டியது 7,90,000.

இதை ஒரே மூச்சில் வாங்காதீர்கள். ஏறக்குறைய 60 சதவீதம் ஆயுத பூஜைக்கு முன் கடைக்குள் வந்துவிட வேண்டும். 25 சதவீதம் அடுத்த இரண்டு வாரங்களில். மீதி 15 சதவீதத்தை ரொக்கமாகவே வைத்திருங்கள். எது ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அதையே திரும்ப வாங்குவதற்கான பணம் அது. கையில் ரொக்கம் இல்லாத கடைக்காரர், கடனுக்குக் கிடைப்பதைத்தான் வாங்க முடியும். கடைசி வாரத்தில் கடனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மற்ற கடைக்காரர்கள் கழித்த சரக்கு.

தேதியையும் பாருங்கள். 2024-ல் பண்டிகை அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. 2026-ல் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் கைக்கு வந்த ஒரே வாரத்தில் பண்டிகை என்பதால், போன ஆண்டுபோல் கூட்டம் மூன்று வாரங்களுக்குப் பரவாது. நவம்பர் 1 ஞாயிறும் அதற்கடுத்த ஆறு நாட்களும்தான் உச்சம். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். மாலை மழை பிடித்தால் அன்றைய வியாபாரம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகும். அதனால் கடைசி வாரம் காலை 9 மணிக்கே ஆட்களோடு கடை திறந்திருக்க வேண்டும்.

திருப்பூரில் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்ப ஆரம்பித்துவிட்டால் கொடுத்த ஆர்டர் தைத்து முடிந்து வராது. அங்கே ஆர்டர் கொடுத்த உள்ளாடை, டி-சர்ட் எல்லாம் பண்டிகைக்கு 20 நாள் முன்பே பார்சல் ஆபீசை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். திரும்ப வாங்குவதற்கு ஈரோடு கனி மார்க்கெட் கைகொடுக்கும். திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் வாரச்சந்தை அது. ரொக்கத்தோடு போய்ப் பார்த்து எடுத்து, கையோடு ஏற்றிவரலாம்.

கேள்வி: கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது எம், எல் சைஸ் தீர்ந்துவிடுகிறது. எஸ்-ஸும் டபுள் எக்ஸ்எல்-லும் மிஞ்சுகின்றன. (தேனி வாசகர்)

கோளாறு செட்டில் இருக்கிறது. சைஸுக்கு ஒன்று வீதம் கட்டிய செட்டைத்தான் மொத்த வியாபாரி தள்ளிவிடப் பார்ப்பார். வாங்க வருகிறவர்கள் அப்படிச் சமமாக வருவதில்லை. போன சீசன் பில்களைச் சைஸ்வாரியாக எண்ணுங்கள். பல ஊர்களில் எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் வரிசையில் 1:2:2:1 என்ற அளவுக்குப் பக்கத்தில் வரும். உங்கள் ஊருக்கு என்ன வருகிறதோ அந்த விகிதத்தில் ஆறு உருப்படி செட் கேளுங்கள். சேர்த்து எடுத்தால் பலர் கட்டித் தருவார்கள். தர மறுத்தால் டிசைன் எண்ணிக்கையைக் குறையுங்கள். வெள்ளைச் சட்டை, ஒரே நிறச் சட்டை போன்றவற்றைச் செட் இல்லாமல், தேவையான சைஸில் மட்டும் உதிரியாக வாங்கி நிரப்புங்கள்.

குழந்தைகள் துணியில் 16-லிருந்து 36 வரை இரண்டிரண்டாக ஏறும். அளவு சரியாக இருந்தாலும் "அடுத்த வருஷமும் போடட்டும்" என்று அம்மாக்கள் ஒரு சைஸ் கூட்டித்தான் எடுப்பார்கள். அதனால் நடு சைஸ்களில் கை தாராளமாக இருக்கட்டும். சைஸுக்குச் சைஸ் விலை ஏறுவதால், ஒவ்வொரு உருப்படியிலும் அதனதன் விலைச் சீட்டு இருக்கிறதா என்று சரக்கு இறங்கிய அன்றே பார்த்துவிடுங்கள்.

கடைசி நான்கு நாட்களில் செட் உடைந்தவற்றை டிசைன்படி அடுக்காதீர்கள். "இந்த ரேக் முழுக்க 40 சைஸ்" என்று சைஸ்படி மாற்றுங்கள். வருகிறவருக்குத் தன் அளவில் இருப்பது மொத்தமும் ஒரே இடத்தில் கிடைக்கும். தள்ளுபடி போடாமலேயே நகரும்.

கேள்வி: மாலை 6 முதல் 9 வரை பில்லுக்கு நிற்கும் வரிசை வாசலைத் தொடுகிறது. சிலர் எடுத்த துணியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

வாங்குமுன் ஒரு மாலை கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பார்கோடு அடிப்பதற்கு ஆகும் நேரம் குறைவு. மடிப்பது, பையில் போடுவது, பணம் வாங்குவது, "அந்தப் பச்சையை எடுத்துடுங்க" என்பது, இவைதான் நேரத்தைத் தின்னும். ஒருவரே எல்லாம் செய்து பில்லுக்கு 4 நிமிடம் ஆனால் மணிக்கு 15 பில். மடித்துப் பையில் போட ஓர் ஆளை நிறுத்தி அதை இரண்டரை நிமிடமாக்கினால் 24 பில். கம்ப்யூட்டரைவிட இந்த ஆள் மலிவு.

பார்கோடு ஒட்டாத உருப்படி ஒன்று வந்தால் வரிசை முழுதும் நின்றுவிடும். ஒட்டாமல் எதுவும் ரேக்குக்குப் போகக் கூடாது. 50 மீட்டர் பேப்பர் ரோலில் 25 சென்டிமீட்டர் பில் என்றால் 200 பில்தான் வரும். அன்றைய தேவைக்கு இரு மடங்கு கையில் இருக்கட்டும். யுபிஐ-க்கு இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கியூஆர் அட்டை வையுங்கள். ஒன்று திணறும்போது மற்றது ஓடும். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பையைக் கொடுக்காதீர்கள், சவுண்ட்பாக்ஸ் சொல்லட்டும். பிரின்டரும் யுபிஎஸ்-ஸில்தான் இருக்கிறதா? பல கடைகளில் கம்ப்யூட்டர் மட்டும் இருக்கும்.

கேள்வி: சீசனுக்கு மட்டும் ஆறு பேரைச் சேர்க்கிறேன். நேரக்கணக்கு ஏதாவது உண்டா? (விருத்தாசலம் வாசகர்)

உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. 2021 திருத்தத்தின்படி உட்கார இருக்கையும் தர வேண்டும். காலை 9-க்கு வருபவரையே இரவு 11 வரை நிறுத்தாமல், மூவரைப் பகல் 1 மணிக்கு வரச் சொல்லுங்கள். புதியவர்களைப் பத்து நாள் முன்பே சேர்த்து மடிப்பதையும் சைஸ் எடுத்துத் தருவதையும் பழக்குங்கள். கல்லாவில் உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: 2,700 ரூபாய் விலையில் சுடிதார் செட் விற்கிறேன். ஜிஎஸ்டி 5-ஆ, 18-ஆ? (ஓசூர் வாசகர்)

2025 செப்டம்பர் 22 முதல், வரி நீங்கலாக ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. வரி உள்பட 2,625 வரை சிக்கல் இல்லை. 2,626 முதல் 2,950 வரைதான் குழப்பம்: 5 சதவீதமாகப் பிரித்தால் அடிப்படை விலை 2,500-ஐத் தாண்டும், 18 ஆகப் பிரித்தால் 2,500-க்குள் இறங்கிவிடும். அந்த இடைவெளியில் விலையே வைக்காதீர்கள். 2,600 போட்டுவிடுங்கள். சேலைக்கு இந்த எல்லை இல்லை. துணி என்ற வகையில் எந்த விலையானாலும் 5 சதவீதம்தான்.

கேள்வி: கடை வாசலில் ஒரு மேஜை போட்டுப் பட்டாசும் விற்கலாமா? (மேலூர் வாசகர்)

கூடாது. 2008 வெடிபொருள் விதிகளின்படி தற்காலிக உரிமம் வேண்டும். அதுவும் தீப்பிடிக்காத பொருளால் ஆன தனிக் கொட்டகைக்குத்தான். கொட்டகைகளுக்கு இடையே 3 மீட்டர் இடைவெளி விட வேண்டும். துணிக்கடை வாசலில் அதற்கு இடமே கிடையாது.